மாட்டேன் என்பவரின் விரலைப் பிரிக்காதீர்கள்

வார்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி இப்போதிருக்கும் சிஸ்டர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். நேரில் வந்து பேசத்தான் முதலில் கூப்பிட்டார். நாலு பேர் நடுவில் நின்று பேச எனக்கு வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துணி அவிப்பது, ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பது, புண் துடைத்த பஞ்சை எங்கே போடுவது, இதெல்லாம் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். அதை எழுதப் போவதில்லை. மாட்டேன் என்கிற சொல்லைப் பற்றி எழுதுகிறேன். வேலைக்குச் சேரும்போது அதைச் சொல்லவும் நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. மற்றவர் சொன்னால் கேட்கவும் சொல்லித் தருவதில்லை. "சரிங்க" என்று ஒன்று தெரிந்தால் போதும், முப்பது வருடம் ஓட்டிவிடலாம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். கிட்டத்தட்ட அப்படித்தான் ஓட்டினேன்.

அதியமான்கோட்டையில் பிறந்தவள் நான். கட்டிக் கொடுத்த இடத்தில் புருஷன் சீக்கிரமே இறந்துபோக, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஆனாலும் ஐம்பது வயதுக்காரர்கள் கூட என்னை ஆயா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பெயரே மறந்துவிட்டது.

எங்கள் பக்கத்து ஜனங்கள் மாட்டேன் என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். "இன்னும் ரெண்டு நாள் பெட்ல இருக்கணும்" என்பார் டாக்டர். "ஆகட்டுங்க" என்பார்கள். விடிந்ததும் விரிப்பு மாற்றப் போனால் கட்டில் காலியாகக் கிடக்கும். போர்வையை மட்டும் ஒழுங்காக மடித்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். "பாக்கலாங்க." "வூட்ல கேட்டுச் சொல்றங்க." "கொழந்த அழுவுதுங்க, தோ வந்துடறேன்." இப்படிப் பல விதமாகச் சொல்வார்கள். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நின்று மாட்டேன் என்பதைவிடச் சுவர் ஏறிக் குதிப்பது அவர்களுக்குச் சுலபம். ஒரு தாத்தா நிஜமாகவே குதித்தார். குதித்ததில் கால் பிசகி, மறுபடி நம்மிடமே வந்து சேர்ந்தார். "ஏன் தாத்தா, போறேன்னு சொல்லியிருந்தா வாசல் வழியா அனுப்பியிருப்போமே" என்று கேட்டேன். "உங்க மனசு நோவக் கூடாதுல்ல" என்றார்.

நானும் அந்த ஜனத்தில் ஒருத்திதான். அப்போதிருந்த சிஸ்டர் எதைச் சொன்னாலும் சரிங்க சிஸ்டர் என்பேன்.

அந்த நாளில் குடும்பக் கட்டுப்பாட்டு கேம்ப் நடக்கும். ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா தர்மபுரியிலிருந்து வருவார். சுற்று ஊர்களிலிருந்து பெண்களை ஜீப்பில் கூட்டி வருவார்கள். இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்று மேலிருந்து சொல்லிவிடுவார்கள். பெரும்பாலானவர்கள் விரும்பித்தான் வந்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். நாலைந்து பெற்று ஓய்ந்துபோனவர்கள், புருஷனுக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் போகும்போது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள்.

என் வேலை, வந்தவர்களைக் குளிக்க வைத்து, வளையல் கழற்றி, பச்சைத் துணி கட்டி, மணிக்கட்டில் நம்பர் எழுதிய பிளாஸ்திரி ஒட்டி, சம்மதத் தாளில் கைநாட்டு வாங்கி உள்ளே அனுப்புவது. கைநாட்டை அவர்களையே வைக்கச் சொன்னால் அழுத்தி வைத்துவிடுவார்கள், மை அப்பிப் போகும். அதனால் விரலை நாம் பிடித்து, ஊதா மையில் ஒற்றி, தாளில் மெதுவாக உருட்டி எடுக்க வேண்டும். அதில் எனக்கு நல்ல பெயர். "ஆயா வெச்சா அச்சுல அடிச்ச மாதிரி விழும்" என்பார் சிஸ்டர்.

ஒரு கேம்பில் ஒரு பெண். விரலை நீட்டு என்றேன். கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற நாலு விரலாலும் மூடிக்கொண்டாள். பயம் என்று நினைத்தேன். பயந்த கையைப் பிரிக்க எனக்கென்று ஒரு வழி இருந்தது. இழுக்க மாட்டேன். புறங்கையைத் தடவிக் கொடுத்து, "ஒண்ணுமில்ல கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், நான் பக்கத்துலயே இருக்கிறேன்" என்று பேசிக்கொண்டே சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரிப்பேன். அவள் விரல்களையும் அப்படித்தான் பிரித்தேன். ரேகை அழகாக விழுந்தது.

ஏழாம் நாள் தையல் பிரிக்க வந்தாள். கட்டுத் துணியை நனைத்துக்கொண்டே, "அன்னிக்கு ரொம்ப பயந்துட்ட போல" என்றேன்.

"பயமில்லைங்க ஆயா" என்றாள். "மாட்டேன்னுதான் கைய மூடிக்கிட்டேன். ஜீப்புல கூட்டிட்டு வந்தவரு பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரு, வாயால சொல்ல வரல. நீங்க பிரிச்சுட்டீங்க."

நான் நனைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் முகம் எப்படிப் போயிற்றோ, அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"வலிக்காமதான் பிரிச்சீங்க ஆயா."

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை எழுத எனக்குத் தெரியாது. அதட்டி இழுத்திருந்தால் அவள் திமிறியிருப்பாள். நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நான் அன்பாகப் பேசினேன், அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போயிற்று. பிள்ளைகளே, அன்பாகப் பேசுவது நம் தொழிலில் கத்தரிக்கோல் மாதிரி. எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வைக்க வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலையை விட்டுவிடவும் இல்லை. அடுத்தடுத்த கேம்புகளில் விரல்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வருடம் மாதம்மாள் வந்தாள்.

ஏரியூர்ப் பக்கத்துச் சிற்றூர் அவளுக்கு. இருபத்திரண்டு வயது இருக்கும். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. கூட மாமியார் வந்திருந்தார். அவர் இடுப்பில் எட்டு மாத ஆண் குழந்தை, கொழுகொழுவென்று இருந்தது. தாளில் பெண் ஒன்று, வயது நாலு, ஆண் ஒன்று என்று எழுதியிருந்தது. மாதம்மாள் அன்றைக்குப் பதினாலாம் நம்பர்.

குளிக்கும் அறையில் சேலையை வாங்கி மடித்தபோது முந்தியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று கையில் தட்டியது. உள்ளே வேண்டுதல் காசு. நம் பக்கம் அப்படி முடிந்து வைத்தால் ஏதோ ஒரு உயிருக்காக என்று அர்த்தம்.

"யாருக்கு கண்ணு?"

"பெரியவளுக்கு."

"என்ன அவளுக்கு?"

அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். ஈரக் கை. "கேக்காதீங்க ஆயா. நான் யாருகிட்டயும் சொல்லல. எங்க அத்தைக்கே தெரியாது. வாயில வெச்சா பலிச்சுடும். இந்த முடிச்சப் பாத்தேன்னும் யாருகிட்டயும் சொல்லாதீங்க. என் புள்ள மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். ஒன்றும் கேட்காமலே எனக்குப் புரிந்துவிட்டது. இருக்கிற இரண்டில் ஒன்று நிற்குமா என்று தெரியாமல் இருக்கும்போது இனி பிறக்காமல் செய்துகொள்ள எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும். அதை வாயைத் திறந்து சொல்லவும் அவளால் முடியாது. சொன்னால் பிள்ளையைக் கொண்டுபோக எமனுக்கு அவளே வழி காட்டின மாதிரி. தாயானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பச்சைத் துணி கட்டி மேசைக்குக் கூட்டி வந்தேன். மைப் பெட்டியைத் திறந்தேன். கையை நீட்டினாள். கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டாள்.

நான் அவள் கையைத் தொடவில்லை.

"மாட்டேன்னா வாயத் தொறந்து சொல்லு கண்ணு" என்றேன்.

"மாட்டேன் ஆயா."

மாமியார் குழந்தையோடு ஓடி வந்தார். "ஏண்டி, ஊர்ல ஒத்துக்கிட்டு ஜீப்புல ஏறிட்டு இங்க வந்து மாட்டேங்கற."

"நீங்கதான அத்த ஒத்துக்கிட்டீங்க."

"நான் எங்கடி ஒத்துக்கிட்டேன். கேம்புக்காரங்க நாலு தடவ வூடு தேடி வந்துட்டாங்க. பெரிய மனுசங்க வாசல்ல வந்து நின்னு கேக்கும்போது எப்படி மாட்டேங்கறது. மோரு குடுத்தேன், குடிச்சாங்க. அதுக்கப்புறம் என்னத்தச் சொல்றது."

உள்ளேயிருந்து சிஸ்டர் வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய் கொஞ்சம் கடுமை. ஆனால் தன் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து நோயாளிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுப் பசியோடு நிற்கிறவர். எனக்கு ஊசி டப்பாவின் இங்கிலீஷ் பெயர்களைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அவரை எதிர்த்துப் பேச வேண்டி வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"ஆயா, பதினாலு எங்க. டேபிள் காலியா இருக்குது."

"சிஸ்டர், இந்தப் பொண்ணு வேண்டாங்குதுங்க."

"கடைசி நேரத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நீ பேசினா கேப்பாங்க. பேசி வாங்கு."

"என்னால முடியலைங்க சிஸ்டர். கை நடுங்குது."

"முடியலன்னா நகரு. நான் வாங்கிக்கறேன்."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நான் செய்த தப்பைக் கவனியுங்கள். மாட்டேன் என்று சொல்லப் பயந்து முடியவில்லை என்றேன். மரியாதையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். முடியவில்லை என்றால் அந்த வேலை அப்படியே இன்னொருவர் கைக்குப் போய்விடும், வேலை நிற்காது. நான் மட்டும் ஒதுங்கி நின்று, என் கையில் மை படவில்லை என்று இருந்துகொள்ளலாம். மாதம்மாளுக்கு அதனால் என்ன லாபம். சிஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மாதம்மாள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

மைப் பெட்டியை மூடி எடுத்து என் அக்குளில் இடுக்கிக்கொண்டேன். எப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"மாட்டேங்க சிஸ்டர். நானும் வெக்க மாட்டேன். நீங்க வெக்கவும் குடுக்க மாட்டேன்."

வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் பேச்சை நிறுத்தினார்கள். சிஸ்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, குரலைத் தாழ்த்தினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஒனக்குத் தெரியாதா ஆயா. இன்னிக்கு இருவது பேரு ஆகலன்னா நாளைக்கு என்னக் கூப்புட்டு நிக்க வெச்சுக் கேப்பாங்க. நான் யாருகிட்டப் போயி மாட்டேங்கறது."

அவர் சொன்னது நிஜம். மாமியாரால் வாசலில் வந்தவர்களிடம் சொல்ல முடியவில்லை. சிஸ்டரால் மேலே இருப்பவர்களிடம் சொல்ல முடியவில்லை. மேலே இருப்பவர்களுக்கும் அவர்களுக்கு மேலே யாரோ இருந்திருப்பார்கள். எல்லாருக்கும் கடைசியில், பச்சைத் துணி கட்டிக்கொண்டு நின்ற மாதம்மாளுக்குத்தான் அந்தச் சொல் வாயில் வந்தது. அவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. பெரிய தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். மேசையில் சாய்ந்துதான் நின்றேன்.

வரிசை நகராததால் டாக்டரம்மாவே வெளியே வந்தார். கையில் உறை, முகத்தில் துணி. துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "என்ன சத்தம்?" என்றார்.

"சத்தமே இல்லைங்க டாக்டர். அதுதான் பிரச்சன" என்றார் சிஸ்டர். "இந்தப் பொண்ணு மாட்டேங்குது. ஆயாவும் மாட்டேங்குது."

டாக்டரம்மா மாதம்மாளைப் பார்த்தார். "ஏம்மா வேண்டாம்? பயமா இருக்கா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"வீட்டுக்காரர் திட்டுவாரா?"

அதற்கும் தலையை ஆட்டினாள்.

"அப்ப என்ன காரணம்? சொன்னாத்தானே தெரியும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா ஆயா?"

"தெரியுங்க."

"என்னன்னு சொல்லு."

"மாட்டேங்க டாக்டர்."

"மூணு வருசமா சரிங்க சரிங்கன்னே இருந்தா" என்றார் சிஸ்டர். "இன்னிக்கு ஒரே நாள்ல எல்லாத்துக்கும் சேத்துச் சொல்லிட்டிருக்கறா."

பெண்கள் வரிசையில் யாரோ சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மேசையிலிருந்த தாளை எடுத்துப் படித்தார். மாமியார் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"பெரிய பொண்ணு நாலு வயசுன்னு போட்டிருக்கே. எங்க அவ?"

"வூட்ல இருக்குதுங்க. கொழுந்தனாரு பொண்டாட்டிகிட்ட வுட்டுட்டு வந்தோம். தூங்குதுங்க" என்றார் மாமியார்.

"மணி பதினொண்ணு ஆகுது. இப்பவா தூங்கறா?"

"அது எப்பவும் தூங்கிட்டுத்தாங்க இருக்கும். தங்கமான புள்ளைங்க. ஒரு அடம் கெடையாது, அழுக கெடையாது. குடுத்தத குடிக்கும், சொன்னா சொன்ன எடத்துல படுத்துக்கும். இவனுக்கு நேர் எதிரு."

மாமியார் பெருமையாகத்தான் சொன்னார். பாவம், அவருக்குத் தெரியாது. மாதம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பிளாஸ்திரி ஒட்டிய கையின் மேல் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுந்தது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். எனக்கு அதுவே பெரிய பதில் மாதிரி இருந்தது. பேனா வாங்கி, தாளின் குறுக்கே விருப்பமில்லை என்று எழுதினார்.

"காரணம் நான் கேக்கல. நீயும் சொல்ல வேண்டாம்" என்று மாதம்மாளிடம் சொன்னார். "ஆனா அந்தத் தங்கமான பிள்ளையை நாளைக்கே இங்க கூட்டிட்டு வரணும். அது முடியாதுன்னு சொல்லக் கூடாது."

"வரேங்க" என்றாள் மாதம்மாள்.

தாளில் எழுதியதற்குக் கீழே அவள் கைநாட்டு வேண்டியிருந்தது. மைப் பெட்டியை அக்குளிலிருந்து எடுத்து வைத்தேன். மூடி சரியாக மூடாமல் ரவிக்கை, சேலை எல்லாம் ஊதாவாகியிருந்தது. இந்த முறை நான் விரலைப் பிடிக்கவில்லை. அவளே வைத்தாள். அழுத்தி வைத்துவிட்டாள். ரேகை ஒன்றும் தெரியவில்லை, பெரிய ஊதாப் பொட்டு மாதிரி விழுந்தது. சிஸ்டர் வேறு தாள் எடுக்கப் போனார். "விடுங்க, நல்லாப் புரியுது" என்றார் டாக்டரம்மா.

கிளம்பும்போது என்னைத் தாண்டி நடந்த டாக்டரம்மா நின்று, "அடுத்த தடவை பெட்டியை மேசை மேலேயே வெச்சுட்டுச் சொல்லு. சொன்னா போதும். சேலையை ஏன் பாழாக்கறே" என்றார். அவர் என்னிடம் அதற்கு மேல் எதுவும் பேசியதில்லை.

இப்படி முடிந்ததால் எல்லாம் நல்லபடியாகப் போயிற்று என்று நினைக்காதீர்கள். அன்று பத்தொன்பது பேர்தான் ஆனார்கள். எனக்கு மெமோ வந்தது. மேலதிகாரியின் உத்தரவை ஏன் மீறினாய், எழுத்தில் பதில் கொடு என்று. மூன்று நாள் யோசித்து ஒரே வரி எழுதினேன். 'நான் மாட்டேன் என்று சொன்னது உண்மை.' சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, "இத மேல அனுப்பினா வேல போயிடும்டி" என்றார். மாற்றி எழுதிக் கொடு, உடம்பு சரியில்லை, மயக்கமாக இருந்தது என்று எழுது என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வேலை போனால் எங்கே போவேன். ஆனால் அப்படி எழுதினால் மாதம்மாள் சொன்னதும் மயக்கம் என்றாகிவிடும் போல இருந்தது. நான் எழுதவில்லை. சிஸ்டர் அந்தத் தாளை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். மேலே என்ன பதில் சொன்னாரோ தெரியாது. எனக்கு வார்டு வேலை போய், பின்பக்கம் துணி அவிக்கிற வேலை கொடுத்தார்கள். அண்டா வேலை. இரண்டு மாதம் சிஸ்டர் என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை.

மாட்டேன் என்பதற்கு விலை உண்டு, பிள்ளைகளே. இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதனால்தான் அதை எடுத்ததற்கெல்லாம் சொல்லக் கூடாது. இரவு டூட்டி மாற்றினார்கள் என்றும், எனக்கு முன்னால் இன்னொருத்திக்கு லீவு கொடுத்தார்கள் என்றும் அதைச் செலவழித்துவிட்டால், வேண்டிய அன்று அந்தச் சொல்லுக்கு எடை இருக்காது.

மாதம்மாள் சொன்னபடி மறுநாளே வந்தாள். தோளில் பிள்ளை. செல்வி என்று பெயர். நாலு வயது என்று சொல்ல முடியாது, இரண்டு வயதுப் பிள்ளை எடை. கழுத்தில் இரண்டு பக்கமும் தொட்டால் மட்டும் தெரிகிற கட்டி. நெஞ்சுப் படம் எடுத்ததில் டி.பி. என்று தெரிந்தது. தினம் ஒரு ஊசி, மூன்று வேளை மருந்து, முட்டை, மீன் எண்ணெய். தாயும் பிள்ளையும் வார்டிலேயே தங்கினார்கள். கைக்குழந்தையையும் மாமியார் கொண்டுவந்து விட்டார்.

அவித்த விரிப்புகளைத் தினமும் காலையில் நான்தான் வார்டுக்குக் கொண்டுபோவேன். அப்போது பார்ப்பேன். சிஸ்டர் ஊசித் தட்டோடு வருவதைக் கண்டாலே மற்றப் பிள்ளைகள் அழுது ஊரைக் கூட்டிவிடும். செல்வி கையை நீட்டிவிடுவாள். ஊசி ஏறும்போது கண்ணை மூடி, ஏறியதும் திறப்பாள். மீன் எண்ணெயைக் கரண்டியில் கொண்டுபோனால் வாயைத் திறப்பாள். பெரியவர்களே குமட்டுகிற எண்ணெய், சத்தமில்லாமல் விழுங்குவாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளிடம், "பாரு, அந்தப் பாப்பா எப்படிச் சொன்ன பேச்சு கேக்குது" என்பார்கள்.

சிஸ்டருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "அழுடி" என்பார் ஊசி போட்டுவிட்டு. "கொஞ்சமாவது அழு. என்னத் திட்டு." செல்வி அவரைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். நீங்களும் அப்படிப்பட்ட பிள்ளையைக் கண்டால் சமர்த்து என்று நினைத்து அடுத்த கட்டிலுக்குப் போய்விடாதீர்கள். வேண்டாம் என்று சொல்லவும் உடம்பில் தெம்பு வேண்டும். கத்துகிற பிள்ளை காத்திருக்கும். சொன்னதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிற பிள்ளையை முதலில் பாருங்கள்.

மாதம்மாள் அவ்வளவு நாளும் பிள்ளையின் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன வியாதி என்று பக்கத்துக் கட்டிலில் கேட்டால், "சும்மா சளி" என்பாள். நானும் கேட்கவில்லை. விரிப்பை மாற்றுவேன். பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்ப்பேன், சூடு இருக்கிறதா என்று. போய்விடுவேன்.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு காலை விரிப்புகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் எண்ணெய்ப் புட்டியோடு செல்வியின் கட்டிலுக்கு வந்தார். கரண்டியில் ஊற்றி வாயருகே கொண்டுபோனார். செல்வி வாயைத் திறக்கவில்லை.

"ஆ காட்டு" என்றார் சிஸ்டர்.

செல்வி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிஸ்டர் கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். பிள்ளை இந்தப் பக்கம் திரும்பினாள்.

"மாட்டேன்" என்றாள்.

சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். மாதம்மாள் பதறி எழுந்து, "குடி சாமி, சிஸ்டரு கோவிச்சுக்குவாங்க" என்று பிள்ளையின் தாடையைப் பிடிக்கப் போனாள். சிஸ்டர் கரண்டி இல்லாத கையால் அவளைத் தடுத்தார்.

"இரு. இரு மாதம்மா. வாயப் பிரிக்காத." பிறகு பிள்ளையிடம் குனிந்து, "ஏண்டி மாட்டேங்கற?" என்றார்.

"நாறுது. நீ குடி."

சிஸ்டர் அந்தக் கரண்டி எண்ணெயைத் தன் வாயில் ஊற்றிக்கொண்டார். முகம் கோணிப்போயிற்று. வார்டு முழுவதும் சிரிப்பு. புறங்கையால் வாயைத் துடைத்தவர், அதே கையால் கண்ணையும் துடைத்துக்கொண்டு, "ஆமாண்டி, நாறத்தான் செய்யுது" என்றார். என் பக்கம் திரும்பினார். "ஆயா, நாளையிலிருந்து நீ வார்டுக்கே வந்துடு. இவளுக்கு எண்ணெய் குடுக்க எனக்கு ஆள் பத்தாது."

"சரிங்க சிஸ்டர்" என்றேன்.

மாதம்மாள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் போய்க் குந்தினேன். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அத்தனை நாள் வாயில் வைக்காததைச் சொன்னாள்.

"செத்துப் போயிடும்னு இருந்தேன் ஆயா."

கட்டிலின் மேல் செல்வி, இன்னொரு கரண்டி வந்தாலும் வரும் என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.